மொதீ

அது தூங்கும்போது மூச்சு விடும். மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு. மெல்ல ஏறும், கொஞ்சம் நிற்கும், மெல்ல இறங்கும். இறங்கி முழுக்க அணைந்துவிட்டதோ என்று தோன்றும் இடத்தில் மறுபடி ஏறத் தொடங்கும். என் கணவர் மொய்னுதீன் போன பிறகு வந்த மத்தியானங்களில் நான் அதற்கு எதிரே படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். எப்போது கண் சொருகியது, எப்போது விழித்தேன் என்று தெரியாது. என் மூச்சும் அந்த விளக்கும் ஒன்றாக ஏறி இறங்குவது மட்டும் தெரியும்.

அவர் பட்டுச் சேலைகளுக்குக் கரை வரைந்து கொடுப்பவர். யானை, கொடி, கோபுரம், பறவை என்று நெசவாளர்கள் கேட்பதைக் கட்டம் கட்டமாகக் கணினியில் நிரப்புவார். அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டை தறியின் தலைமேல் ஏறும். பிறகு அவர் வரைந்தது ஜரிகையாக இறங்கி வரும். திருமணப் பத்திரிகை வேலையும் வரும். அந்தத் தமிழை நான்தான் அடித்துக் கொடுப்பேன். அவருக்கு எழுத்துப் பிழை தெரியாது. எனக்குக் கோடு வராது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கரை முழுவதும் வரைந்து முடியும்வரை அதைச் சேமிக்க மாட்டார். சேமிக்கப் போனால் பெயர் கேட்கும் அல்லவா? "முடியாததுக்கு என்னான்னு பேரு வெக்கிறது நபீசா?" என்பார். கணினியை அணைக்கவும் மாட்டார். மூடியை மூடுவார், அது தூங்கும். காலையில் திறப்பார், விட்ட கட்டத்திலிருந்து தொடங்குவார். மின்சாரம் போய் சில முறை எல்லாம் அழிந்திருக்கிறது. அப்போதும் அலட்டிக்கொள்ள மாட்டார். "கைக்குத் தெரியும், மறுபடி போடும்" என்று உட்கார்ந்துவிடுவார்.

அன்று காலையிலும் அப்படித்தான். பிள்ளையார்பாளையத்தில் அர்ஜுனன் என்ற நெசவாளருக்கு ஒரு பறவைக் கரை வரைந்துகொண்டிருந்தார். மூடியை மூடினார். "டீ குடிச்சிட்டு வரேன்" என்றார். டீக்கடை பெஞ்சில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பறவை கணினிக்குள் இருந்தது. பெயர் இல்லாமல், சேமிக்கப்படாமல், அதன் தூக்கத்துக்குள் மட்டும். தூக்கம் கலையாமல் அணைந்தால் பறவையும் இல்லை. மறுபடி போடுவதற்கு அந்தக் கையும் இல்லை. அதனால் மின்கம்பியை யாரும் பிடுங்கிவிடாதபடி அதன் மேல் ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தேன்.

நான் இத்தத்தில் இருந்தேன். கணவர் இறந்த பின் மனைவி வீட்டை விட்டு வெளியே போகாமல், வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் காலம் அது. எனக்கு அது சிறையாகத் தோன்றவில்லை. வெளியே போய் என்ன செய்வேன் என்று தெரியாத ஒருத்திக்கு, போக வேண்டாம் என்று சொல்லப்படுவது ஒரு வகையில் நிம்மதிதான். கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது உப்பும், ஒட்டும். வீடு முழுவதுமே தூங்கிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும்.

துணைக்கு என் நாத்தனார் தபஸ்ஸும் வந்திருந்தாள். அவளுக்கு நான் பாபி, அதாவது அண்ணி. அவளால் பேசாமல் இருக்க முடியாது. துக்கத்தையும் அவள் பேசித்தான் கரைத்தாள்.

ஒரு நாள் அர்ஜுனனின் மனைவி லோகாம்பாள் பூரி மடித்துக் கொண்டுவந்தாள். வெகுநேரம் வேறு எதையோ பேசிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா நெனைக்காதமா. தறி சும்மா நிக்குது. பாய் எவ்ளோ போட்டு வெச்சாரோ, அவ்ளோ குடு போதும். வேற ஆளாண்ட போவ இவருக்கு மனசு வரல."

அவள் போன பிறகு மேசையிலிருந்த துணியை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். உள்ளே விசிறி சுழலும் சத்தம் கேட்டது. விளக்கு மூச்சு விடுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல என் முகம் அதில் தெரிந்தது. பயந்துபோய் மூடினேன். விளக்கு மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

"உசிரோடதான் பாபி இருக்குது," என்றாள் தபஸ்ஸும். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கணினியை விற்ற சரத்குமாரைத் தொலைபேசியில் கூப்பிட்டோம். கூரம் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பையன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருந்தான். பையன் என்கிறேனே, அவனுக்கே பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள்.

"பவர் பட்டனை நல்லா அழுத்திப் புடிச்சிக்கினே இருங்கக்கா, ஆஃப் ஆயிடும். கடைக்குக் குடுத்து அனுப்புங்க, ரெண்டு நாள்ல ரெடி பண்ணிடலாம்."

"அணைக்கக் கூடாது," என்றேன்.

"அணைக்காம எப்படிக்கா கழட்டுறது?"

"அணைச்சா அவரு போட்டது போயிடும் தம்பி."

அவனுக்கும் அவருடைய பழக்கம் தெரியும். "நாளைக்கு உங்க ஏரியாவுல கரண்ட் கட்டுக்கா," என்றான். "மாசாமாசம் பண்ற மெயின்டனன்ஸு. காலையில போனா சாயந்தரம்தான் வரும். அதும் பேட்டரி பூரி மாதிரி உப்பிக்கினு இருக்குதுன்னு பாய் போன மாசமே சொன்னாரு. ஒரு நிமிஷம் தாங்காது."

மறுநாள் காலை வரைதான் பறவைக்கு ஆயுள். அன்று மத்தியானமே வரச் சொன்னேன்.

அவன் வந்தான். செருப்பைக் கழற்றும் சத்தம், தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு பச்சைத் திரைக்கு அப்பால் நாற்காலியில் ஒரு நிழல் உட்கார்ந்தது. திரை உப்பும்போது நிழல் குண்டாகும், ஒட்டும்போது ஒல்லியாகும். அவன் ஒரு சின்னத் திருப்புளியைத் திரைக்குக் கீழே தள்ளினான். நான் இந்தப் பக்கம் பாயில் கணினியோடு உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் தபஸ்ஸும்.

"நான் சொல்ல சொல்ல நீங்க செய்ங்கக்கா. அவசரப்படாதீங்க."

"நீ ஒழுங்கா சொல்லு. அவங்க ஒழுங்காதான் செய்வாங்க," என்றாள் தபஸ்ஸும்.

"நீங்க யாருக்கா?"

"நான் பாயோட தங்கச்சி. போனவாட்டி எனக்கு வித்தியே ஒரு ஹெட்செட்டு, ஒரு காது மட்டும் கேக்குற மாதிரி, அந்தத் தங்கச்சி."

நிழல் நாற்காலியில் நெளிந்தது.

முதலில் விசைப்பலகையை எடுக்க வேண்டும். அதன் மேல் விளிம்பில் சின்னக் கொக்கிகள் இருக்கும், தட்டையான எதையாவது விட்டு ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள் என்றான். ஒரு பழைய ஏடிஎம் அட்டையை விட்டு நெம்பினேன். ஒன்றைத் தள்ளி அடுத்ததுக்குப் போனால் முதல் கொக்கி மறுபடி மாட்டிக்கொள்ளும். ஈரக் கையில் சோப்புப் போல எல்லாம் நழுவியது. தபஸ்ஸும் நகத்தால் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, நான் மற்றதைத் தள்ள, நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"யா அல்லாஹ், இத செஞ்சவன் வீட்ல பொம்பளைங்களே இல்லியா?" என்றாள்.

கடைசியில் ஒரு 'டக்' சத்தத்தோடு பலகை எழும்பி வந்தது. அதற்கு அடியில் தூசி, ரஸ்க் துகள்கள், ஒரு நரைமுடி. நான் அதையெல்லாம் ஊதவில்லை. அப்படியே விட்டுவிட்டு, "எடுத்தாச்சு," என்றேன்.

"சூப்பர்க்கா. இப்ப லெஃப்ட்ல மேல, ஸ்க்ரீன்லேர்ந்து கொத்தா ஒயரு எறங்கி வந்து ஒரு எடத்துல சொருகி இருக்கும். பழசாச்சுன்னா அது லூசாயிடும். பாருங்க."

இடப்பக்கம் பார்த்தேன். "கொத்தா இல்ல தம்பி. பட்டையா, ரிப்பன் மாதிரி இருக்குது."

"அப்படியா? சில மாடல்ல அப்படியும் வரும். அதான். மெதுவா வெளிய இழுத்துட்டு மறுபடி சொருகுங்க."

இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். மல்லிகைப் பூவின் காம்பு கிள்ளப்படும்போது வருமே, அவ்வளவு சின்ன ஒரு சத்தம். ரிப்பனின் ஓரம் கிழிந்திருந்தது.

தபஸ்ஸும் என்னையும் கணினியையும் பச்சைத் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாபி, நீங்க இத எந்தப் பக்கம் பாக்க வெச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூடியை முழுக்க மல்லாத்தி, கணினியின் முகத்தைப் பச்சைத் திரையின் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஒருவரோடு பேசும்போது பொருளை அவர் பார்க்கும்படி வைப்பதுதானே வழக்கம். வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்துவது போல, அவன் பக்கம் நகர்த்தியிருந்தேன். நான் அதன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். என் இடது அதற்கு வலது.

"தெரைக்கி காட்டிக்கினு இருந்தாங்கபா, தெரைக்கி!" என்று தபஸ்ஸும் அவனிடம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவனும் சிரித்தான். பிறகு இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள். துக்க வீட்டில் சிரித்துவிட்டோமே என்று. நான்தான் மிச்சத்தைச் சிரித்தேன். அவர் போன பிறகு என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வருவது அதுவே முதல் முறை. அது வேறு யாரோ பக்கத்து வீட்டில் சிரிப்பது போலக் கேட்டது.

"அது கீபோர்டு ரிப்பன்கா. கிழிஞ்சிருந்தா சில எழுத்து வேலை செய்யாது, பரவாயில்ல. மறுபடி சொருகிடுங்க."

சொருகினேன். கணினியைத் திருப்பி வைத்து, சரியான இடத்துக் கொத்துக் கம்பியையும் அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினேன். எடுத்து மாட்டினேன். விசிறி மட்டும் சுழன்றது.

"அப்ப ஸ்க்ரீனே போயிருக்குது," என்றான் அவன், குரல் இறங்கி. "வேற போட்டுப் பாக்கலாம். ஆனா அதுக்கு அணைச்சே ஆவணும்கா."

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. கூடத்தில் வெளிச்சம் குறைந்து, பாயின் கோடுகள் கலங்கின. தறிச் சத்தம் எங்கிருந்தோ, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல, வந்துகொண்டிருந்தது. நான் கறுப்புத் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் ஒரு பறவை இருக்கிறது, எனக்குத் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பது தெரிவது போலத் தெரியும். கதவு இல்லை, அவ்வளவுதான்.

தபஸ்ஸும் விழுந்துபோன ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தாள். அவளுக்குச் சும்மா இருக்க முடியாதே. கைப்பேசியின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பாயில் குனிந்து, கணினிக்குப் பின்னால் தடவி, நிமிர்ந்தபோது அந்த வெளிச்சம் திரையின் மேல் சாய்வாக ஒரு கணம் விழுந்து போனது.

அதில் ஒரு சிறகு இருந்தது.

"அங்கயே புடி," என்றேன்.

"என்னா?"

"லைட்ட அங்கயே புடி தபஸ்ஸும்."

அவள் பிடித்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள், மிக ஆழத்தில், குளத்தின் அடியில் கிடக்கும் கோலம் போல, கட்டங்கள் தெரிந்தன. வட்ட வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும். வெளிச்சம் நகர்ந்தால் அந்த இடம் இருண்டு அடுத்த இடம் பிறந்தது. கழுத்து. அலகு. கொடியைச் சுற்றிய நகம். அவர் கை நிரப்பிய கட்டங்கள் ஒவ்வொன்றும் அங்கேயே, அவர் வைத்த இடத்திலேயே இருந்தன.

"படம் தெரியுது தம்பி! டார்ச்சு அடிச்சா உள்ள படம் தெரியுது!"

நிழல் எழுந்தே நின்றுவிட்டது. "அய்யோ, ஆமாக்கா! ஸ்க்ரீன் போவல. பின்னாடி இருக்குற லைட்டுதான் போயிருக்குது. படம் அப்படியேதான் இருக்கும். தெரிஞ்சிருந்தும் மறந்துட்டேன் பாரு. கன்ட்ரோலும் எஸ்ஸும் ஒண்ணா அடிங்க. அடிங்க."

அடித்தேன். டார்ச்சு வட்டத்தில் ஒரு சிறிய பெட்டி எழுந்தது. பெயர் கேட்டது.

அவர் ஒருபோதும் முடியாததற்குப் பெயர் வைக்காதவர். இதை நான் செய்யலாமா என்று ஒரு கணம் நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே பெயரை, அவர் பெயரை, தமிழில் அடித்தேன். தபஸ்ஸும் வெளிச்சத்தைப் பெட்டியின் மேல் கொண்டுவந்தாள்.

மொதீ என்று இருந்தது.

அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மொ வந்தது. ய வரவில்லை, மேலே வைக்கும் புள்ளி வரவில்லை, னு வரவில்லை. தீ வந்தது. ன் வரவில்லை. கிழிந்த ரிப்பன் அவர் பெயரின் நடுவையும் கடைசியையும் தின்றுவிட்டிருந்தது. மூன்றாவது முறையும் அதே மொதீ.

"வரலியா?" என்றான் சரத்குமார். "ஏதோ ஒரு பேருக்கா! சாமி பேரு, உங்க பேரு, என் பேரு, எதுனா! என்டர் அடிங்க மொதல்ல!"

"உன் பேர வெச்சா அதும் ஒரு காதுதான் கேக்கும்," என்றாள் தபஸ்ஸும்.

என்டர் அடித்தேன். பெட்டி மறைந்தது. பறவை இருந்தது.

"அவ்ளோதான்கா. இப்ப அது ஹார்டு டிஸ்க்ல எழுதிடுச்சு. மிஷினு செத்தாலும் அது இருக்கும். நீங்க பாத்துக்கினு இருங்க, நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

"வேணாம்!" என்று கத்தினேன். பச்சைத் திரையே அதிர்ந்தது போல இருந்தது. தபஸ்ஸும் என் கையைப் பிடித்தாள். நான் குரலைத் தணித்துக்கொண்டு, "இங்கயே போட்டுத் தரோம் தம்பி. நீ எங்கயும் போவாத," என்றேன்.

அவனுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். தபஸ்ஸும் அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கும் நேரம் வரை அந்தப் பறவையும் நானும் தனியாக இருந்தோம். கைப்பேசி வெளிச்சத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். வால் பக்கம் வந்தபோது, இறகுகளுக்கு நடுவே சில இடங்கள் வெறுமையாக இருப்பது தெரிந்தது. அங்கே அவர் எதையோ நிரப்ப நினைத்திருக்கிறார். டீ குடித்துவிட்டு வந்து நிரப்பலாம் என்று விட்டுப் போயிருக்கிறார். அந்த வெற்றுக் கட்டங்களில்தான் அதிக நேரம் வெளிச்சத்தை வைத்திருந்தேன்.

டீ ஆனதும் சரத்குமார் சொன்னபடி அணைத்தேன். விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றது. விளக்கு இந்த முறை இறங்கியது, ஏறவில்லை. நான் காத்திருந்தேன். ஏறவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினேன். புரட்டிப் போட்டு அடிமூடியைத் திறந்து, அவன் சொன்ன ஹார்டு டிஸ்க்கை, ஒரு தகட்டுப் பெட்டியை, கழற்றினேன். உள்ளங்கை அளவுதான். வெதுவெதுப்பாக இருந்தது. தோலில் ஒட்டும் சூடு. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். தபஸ்ஸும் பிறகு சொன்னாள். ஆறத் தொடங்கியபோது ஒரு தட்டில் வைத்துத் திரைக்குக் கீழே தள்ளினேன். அந்தப் பக்கத்துக் கை அதை எடுத்துக்கொண்டு போனது.

மறுநாள் சொன்னபடி மின்சாரம் போனது. மேசையில் அந்த வெள்ளை விளக்கு இருந்த இடம் இருண்டிருந்தது. எதிரே படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஆனால் மூச்சு தானாகவே வந்துகொண்டிருந்தது.

பறவையை அதிலிருந்து எடுத்துச் சரத்குமார் அர்ஜுனனிடம் சேர்த்திருந்தான். இத்தத் முடிந்து நான் முதலில் வெளியே போனது அர்ஜுனன் வீட்டுக்குத்தான். தபஸ்ஸும் கூட வந்தாள். தெருவில் வெயில் அளவுக்கு மீறி வெள்ளையாக இருந்தது. நடப்பது நீந்துவது போல இருந்தது. லோகாம்பாள் வாசலிலேயே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

தறியில் கரும்பச்சை உடல், வெண்பட்டில் கரை. கரையில் ஜரிகைப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வந்துகொண்டிருந்தன. அர்ஜுனன் பலகையிலிருந்து இறங்கிக் கும்பிட்டார்.

"பாய் இதுவரிக்கும் போட்டதுலயே இதான்மா ஒசத்தி. பாக்குறவங்கல்லாம் கேக்குறாங்க. மோதி பார்டர்னு சொன்னா தெருவுக்கே தெரியும் இப்ப."

"மோதியா?" என்றாள் தபஸ்ஸும்.

"ஃபைல்ல பேரு அப்படித்தான போட்டிருந்துச்சு? உங்க பாஷையில முத்துதான அது? அட்டை குத்துறவரு சொன்னாரு, முத்துன்னு பேரு வெச்சிருக்காரு, ஆனா முத்தே காணமேன்னு. இவதான் கண்டுபுடிச்சா."

லோகாம்பாள் வெட்கத்தோடு குனிந்து வாலைத் தொட்டுக் காட்டினாள். "தோ பாருமா. எறகு நடுவுல ஜரிகை வுடாம வெறுமனா வுட்டுக்கீறாரு பாரு. வெள்ளப் பட்டு எட்டிப் பாக்குது. தோ ஒண்ணு. தோ. அதான் முத்து. மொதல்ல இவரு ஏதோ வுட்டுப்போச்சு, ரொப்பிடலாம்னாரு. பேரே மோதின்னு வெச்சிக்கீறாரு, எப்படி ரொப்புவன்னு நான் சண்ட போட்டேன்."

ஜரிகை நெருக்கத்தில் அந்த இடங்கள் சின்னச் சின்ன வெண்மையாக, ஈரமாக, ஒளிர்ந்தன.

தபஸ்ஸும் வாயைத் திறந்தாள். அவளுக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல அழுத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்த பொடவைக்கும் ஆர்டர் வந்துக்குது," என்றார் அர்ஜுனன். "அதுலயும் இந்த எடத்த இப்படியே வுடட்டுமாமா?"

"இப்படியே விடுங்க," என்றேன்.

அவர் பலகையில் ஏறி உட்கார்ந்தார். தறி ஓடத் தொடங்கியது.